முகாம் மக்களைப் பத்தி பேசறதுக்கு முன்னாடி 1948லேர்ந்து 1964 வரைக்கும் படிங்க

குடியுரிமை பத்தி பேச்சு வந்தாலே யாராவது ஒருத்தர் "சட்டப்படி வந்தாங்களா இல்லையா, அவ்ளோதான் கேள்வி"ன்னு முடிச்சிடறாரு. தமிழ்நாட்டுல இருக்கற இலங்கைத் தமிழர் அகதி முகாம் பத்தி பேசினாலும் இதே பதில்தான். கேக்கும்போதெல்லாம் எனக்கு அப்படி கோவம் வருது. முகாம்ல இருக்கற எல்லாரும் ஈழத்தோட பூர்வீகத் தமிழர்ங்க இல்லங்க, அதுல நிறைய பேரு மலையகத்துக்காரங்க (இலங்கையோட மலைத் தோட்டப் பகுதி), அதாவது ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி பக்கம் பஞ்சத்துல தவிச்ச சனத்தை வெள்ளைக்காரன் தோட்டத்துக்கு கங்காணி, அதாவது ஆள் சேக்கற மேஸ்திரி, கூட்டிட்டுப் போனாரே, அவங்களோட பேரன் பேத்திங்க.

1820கள்ல காபித் தோட்டம், அப்புறம் இலைநோய் வந்து காபி அழிஞ்சதும் தேயிலை. மன்னார்ல இறங்கி காட்டு வழியா மாத்தளை வரைக்கும் நடந்தே போனாங்க, வழியிலயே காலரால செத்தவங்க எத்தனையோ பேரு. இலங்கைக்கு சோறு போட்ட தோட்டத்தை உண்டாக்கினதே அவங்கதான். 1947 தேர்தல்ல இலங்கை இந்திய காங்கிரஸ்ங்கற அவங்க கட்சி சார்புல 7 பேரு ஜெயிச்சு பார்லிமெண்டுக்கே போனாங்க. அடுத்த வருஷமே குடியுரிமைச் சட்டம் வருது, அப்பா இலங்கையில பிறந்தாருன்னு பேப்பர் காட்டணுமாம், தோட்டத்து வரிசை வீடான லயன் வீட்ல பிறந்து லயன் வீட்லயே செத்த மனுஷனுக்கு யாரு பேப்பர் எழுதி வெச்சிருப்பா? ஒரே சட்டத்துல லட்சக்கணக்கான பேரு நாடில்லாதவங்க ஆயிட்டாங்க, 1949ல ஓட்டும் போச்சு. (இலங்கைத் தமிழர் தலைவர் செல்வநாயகம் தமிழ் காங்கிரஸ்ல இருந்து பிரிஞ்சு தமிழரசுக் கட்சி ஆரம்பிச்சதுக்கு இந்த விஷயமும் முக்கியமான காரணம், இதைப் பத்தி நம்ம ஆளுங்க பேசறதே இல்ல.)

அப்புறம் 1964 அக்டோபர் 30, இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம்ம பிரதமர் சாஸ்திரியும் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரை பாகம் பிரிச்சாங்க. 5,25,000 பேரு இந்தியாவுக்கு, 3,00,000 பேரு இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டு 1974ல ஆளுக்குப் பாதின்னு முடிச்சாங்க. நீங்க எங்க இருக்க ஆசைப்படறீங்கன்னு அந்த சனத்தை யாரும் கேக்கல.

இப்ப நான் சொல்ல வர்றதைக் கவனிங்க. ஒப்பந்தப்படி பாஸ்போர்ட் வாங்கி தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்தவங்க இந்தியக் குடிமக்கள், கூடலூர், கோத்தகிரியில டேன்டீங்கற தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டங்கள்ல வேலை செய்யறாங்க. 1984ல கப்பல் நின்னுச்சு. 1977 கலவரத்துல தோட்டத்தை விட்டு வடக்குல வவுனியா, கிளிநொச்சின்னு போய் ஒண்டின மலையகக் குடும்பங்க 83க்கு அப்புறம் சண்டைக்கு பயந்து படகுல வந்தாங்க. இந்தியக் குடியுரிமைச் சட்டத்தோட கணக்குல அவங்க சட்டவிரோதக் குடியேறிகள். ஒரே ஊர்ல இருந்து போன ஒரே சனம், ஏன் அண்ணன் தம்பியாக்கூட இருக்கலாம், கப்பல்ல வந்தா குடிமகன், படகுல வந்தா அகதி. 1987 ஜூலை 1க்கு முன்னாடி இங்க பிறந்த பிள்ளை பிறப்பாலயே குடிமகன், அதுக்கு அப்புறம் அதே முகாம்ல அதே தாய்க்குப் பிறந்த தங்கச்சி இல்ல. இந்த வரலாறு தெரியாம "சட்டம்னா சட்டம்தான்"னு சொன்னா, அந்தச் சட்டத்தை யாரு எப்ப யாருக்காக எழுதினாங்கன்னு கேக்காமயே தீர்ப்பு எழுதறோம்னு அர்த்தம்.

2019 ஜூன்ல ஹைகோர்ட் மதுரைக் கிளை இந்த மக்கள் இந்திய வம்சாவளின்னு எடுத்துச் சொல்லி, குடியுரிமை மனுவை பரிசீலிக்கச் சொல்லிச்சு. அதே வருஷம் டிசம்பர்ல வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்துல (சிஏஏ) பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் இருக்கு, இலங்கை இல்ல. 2021ல தமிழ்நாடு அரசு அகதி முகாம்ங்கற பேரை மறுவாழ்வு முகாம்னு மாத்துச்சு, நல்லதுதான், ஆனா குடியுரிமை குடுக்க வேண்டியது டெல்லி. முதல்ல செய்ய வேண்டியது, முகாம்ல இருக்கற மலையகக் குடும்பங்களைத் தனியா கணக்கெடுத்து, 1964 ஒப்பந்தத்துல இந்தியா ஏத்துக்கறேன்னு கையெழுத்துப் போட்ட பொறுப்பை இவங்க விஷயத்துலயும் முடிக்கறது. உங்க வீட்ல சிலோன் பாஸ்போர்ட், தோட்டத்துல குடுத்த துண்டுச் சீட்டு, குடும்ப அட்டை எது பழசா இருந்தாலும் தூக்கிப் போட்டுடாதீங்க, ஒரு காப்பி எடுத்து வைங்க, யாரோ ஒருத்தரோட மனுவுக்கு அது ஆதாரமா ஆகலாம்.