மலையில் பிள்ளைகளின் விசுவாசத்தை ஞாயிற்றுக்கிழமையை நம்பி விடாதீர்கள்

நம் மலைச் சபைகளுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. கீழே ஞாயிறு என்றால் ஓய்வு. ஊட்டியிலும் குன்னூரிலும் கொடைக்கானலிலும் வாரத்திலேயே அதிக வேலை இருக்கிற நாள் அதுதான். டாக்சி ஓட்டும் அப்பா, ஓட்டல் சமையற்கட்டில் நிற்கும் சித்தப்பா, ஏரிக்கரையில் சோளம் சுடும் அம்மா என யாராலும் ஒன்பது மணி ஆராதனைக்கு வர முடிவதில்லை. எஸ்டேட்டில் கொழுந்து அதிகமாக வரும் மாதங்களில் ஞாயிறும் பறிப்பு உண்டு. இதெல்லாம் தெரிந்திருந்தும், சீசன் உச்சத்தில் இருக்கும் மே மாதத்தில் வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளியை வைத்துவிட்டு, பிள்ளைகள் வரவில்லை என்று வருத்தப்படுகிறோம். பரீட்சை முடிந்த கையோடு ஏப்ரலிலேயே வைத்துவிட்டால் கடைக்குப் போகிற பிள்ளைகளும் வருவார்கள். கமிட்டியில் இருப்பவர்கள் இதை யோசியுங்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல வருவது வேறு. ஞாயிறு பள்ளி வாரம் 45 நிமிஷம். ஒரு பிள்ளை வருஷத்தில் ஒரு வாரம்கூட விடாமல் வந்தாலும் மொத்தம் 39 மணி நேரம்தான். வீட்டில் தினமும் பத்து நிமிஷம் என்றால் வருஷத்துக்கு அறுபது மணி நேரம் ஆகிவிடுகிறது. உபாகமம் 6:7 பிள்ளைகளுக்குப் போதிக்கச் சொல்லும்போது வீட்டில் உட்கார்ந்திருக்கையில், வழியில் நடக்கையில், படுக்கையில், எழுந்திருக்கையில் என்றுதான் இடம் குறிக்கிறது. ஆலயத்தை அந்த வசனம் சொல்லவே இல்லை. ஞாயிறு பள்ளி ஆசிரியர் உதவிக்கு வருகிறவர். பொறுப்பு நம்முடையது.

வீட்டு ஜெபத்தை எப்போது வைப்பது? நம் குளிருக்குச் சாப்பாட்டுக்கு முன்னால்தான் சரிப்படும். சாப்பிட்டதும் பிள்ளைகள் கம்பளிக்குள் போய்விடுவார்கள், அதன்பின் எழுப்பி உட்கார வைத்தால் ஜெபம் என்றாலே தண்டனை என்று ஆகிவிடும். ஏழு மணியை ஒட்டி, போன்கள் எல்லாம் அடுத்த அறையில். முதலில் பாட்டு, ஒரே சரணம். அப்புறம் வேதபாடம், ஆறிலிருந்து எட்டு வசனம், போதும். வாசித்ததும் அரை நிமிஷம் யாரும் பேசாமல் இருக்க வேண்டும். பிறகு ஒரு கேள்வி. ஒவ்வொருவரும் ஒரே வாக்கியத்தில் ஜெபிக்க வேண்டும். கடைசியில் பரமண்டல ஜெபம். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை இருந்தால் ஐந்து நிமிஷத்தில் முடித்துவிடுங்கள், வாசிப்புக்குப் பதில் கதையாகச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் கரண்ட் போனால் மெழுகுவர்த்தியோடு நடக்கட்டும். அப்பா சீசன் வண்டியில் இருந்தால் அம்மா நடத்தலாம், மூத்த பிள்ளையும் நடத்தலாம். ஆள் இல்லை என்று நிறுத்தினால் அந்த வாரத்தோடு பழக்கம் விட்டுப் போய்விடும்.

கேள்வி என்றேன். "இதிலிருந்து நாம் கற்றுக்கொள்ளும் பாடம் என்ன?" என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்குப் பிள்ளைகளிடம் கீழ்ப்படிய வேண்டும், பொய் சொல்லக் கூடாது என்று தயாராகப் பதில் இருக்கும். கடலில் புயல் வந்த கதை என்றால், "இதில் யார் பயந்தார்கள்?", "இயேசு கோபப்பட்டாரா?", "நீ அந்தப் படகில் இருந்தால் என்ன செய்திருப்பாய்?" என்று கேளுங்கள். அப்போதுதான் பிள்ளை கதைக்குள் போகும்.

வீட்டு ஜெபம் கெட்டுப்போவது பெரும்பாலும் பெரியவர்களால்தான். முதல் காரணம் நீளம். அப்பா உலக நாடுகள் அனைத்துக்கும் ஜெபித்து முடிப்பதற்குள் சின்னது தூங்கிவிடும். இரண்டாவது இன்னும் மோசம். "ஆண்டவரே, இவன் போனைக் கீழே வைக்க உதவி செய்யும், இவளுக்கு அடக்கத்தைத் தாரும்" என்று ஜெபத்தின் வழியாகவே பிள்ளையைத் திட்டுவது. கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பிள்ளை அவமானத்தோடு உட்கார்ந்திருக்கும். வீட்டில் பஞ்சாயத்து வைக்க வந்தவராகத்தான் கடவுளை அது பார்க்கும். கண்டிக்க வேண்டியதை ஜெபம் முடிந்த பிறகு, நேராக, தனியாகச் சொல்லுங்கள். "இயேசப்பா அடிப்பார்" என்று மிரட்டுவதையும் விட்டுவிடுங்கள். பிள்ளைகளைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று எபேசியர் 6:4 தகப்பன்மாருக்குத்தான் சொல்லியிருக்கிறது.

மனப்பாட வசனம் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் போட்டிக்காக ஐம்பது வசனம் ஏற்றிவிட்டு ஜூன் மாதம் அத்தனையும் மறந்து போவதில் பயன் இல்லை. 23-ஆம் சங்கீதத்தில் ஆறு வசனங்கள். வாரம் ஒன்று என்றால் ஒன்றரை மாதத்தில் முழுச் சங்கீதமும் பிள்ளையின் சொந்தமாகிவிடும். டிசம்பருக்கு லூக்கா எடுங்கள். 24 அதிகாரம், முதல் தேதி தொடங்கி நாளுக்கு ஒரு அதிகாரத்திலிருந்து ஒரு பகுதி என்று வாசித்தால் 24-ஆம் தேதி இரவு முடியும். கான்வென்டில் படிக்கிற பிள்ளைகளுக்குப் பழைய தமிழ் வேதாகமத்தை வாசிக்க நாக்கு புரளாது. அதைச் சொல்லிக் கேலி செய்தீர்களானால் வாசிக்கவே மாட்டார்கள். வாசிப்பது ஆங்கிலத்தில் இருக்கட்டும், பாட்டும் ஜெபமும் தமிழில் இருக்கட்டும். வீட்டில் படுகர்களின் மொழியான படுகு பேசினால் ஜெபமும் படுகில் இருக்கட்டுமே.

இனி வளர்ந்த பிள்ளைகள். பத்தாம் வகுப்பு வந்ததும் ஞாயிறு காலை டியூஷன், "இந்த ஒரு வருஷம் சர்ச் வேண்டாம், பரீட்சை முடியட்டும்." அதே வீட்டில் பரீட்சைக்கு முதல் நாள் மட்டும் ஹால் டிக்கெட்டை வைத்து ஜெபம். பிள்ளை என்ன புரிந்துகொள்ளும்? மார்க்கு முதலில், கடவுள் அப்புறம், அவருடைய வேலையும் மார்க்கு வாங்கித் தருவதுதான். நீட்டில் கட்-ஆஃப் வராமல் போகிற அன்றைக்கு அந்தக் கடவுளும் பொய்த்துப் போகிறார். டியூஷனை வேறு நேரத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், ஒன்றரை மணி நேர ஆராதனையால் யாருக்கும் ரேங்க் குறைந்துவிடாது.

இந்த வயதில் கேள்விகள் வரும். வரட்டும். 2009 நவம்பரில் நீலகிரி கண்ட மண்சரிவுகளை இங்கே யாரும் மறக்கவில்லை. 2024 ஜூலையில் கூடலூரை ஒட்டிய வயநாட்டில் ஊர்களே மண்ணுக்குள் போயின. "கடவுள் நல்லவர் என்றால் அந்தக் குழந்தைகள் ஏன் செத்தார்கள்?" என்று பதினைந்து வயதுப் பெண் கேட்டால், "அப்படியெல்லாம் கேட்கக் கூடாது" என்று வாயை மூடாதீர்கள். "அவர்கள் பாவம் செய்திருப்பார்கள்" என்று சொல்லவே சொல்லாதீர்கள், அது வேதத்துக்கே விரோதம். சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததைப் பற்றிப் பேசும்போது, அவர்கள் மற்றவர்களைவிட அதிகக் குற்றவாளிகள் என்று எண்ணுகிறீர்களா, அப்படியல்ல என்றுதான் இயேசு சொன்னார் (லூக்கா 13:4, 5). துன்பப்பட்ட யோபுவுக்கு விளக்கம் சொன்ன சிநேகிதரைக் கடவுளே கடிந்துகொள்கிறார் (யோபு 42:7). 88-ஆம் சங்கீதத்தைச் சேர்ந்து வாசியுங்கள், ஆறுதலான முடிவே இல்லாமல் இருளில் முடிகிற ஜெபம் அது. நமக்குப் பதில் தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்திருக்கலாம். "விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று இயேசுவிடம் கதறியவர் ஒரு தகப்பன்தான் (மாற்கு 9:24).

வளர்ந்த பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தைச் சபை முன்னால் உறுதிசெய்வதற்கான திடப்படுத்தல் வகுப்பில் பெரும்பாலும் நடப்பது இது: பேராயர் வரும் தேதி தெரிந்ததும் மூன்று வாரம் அவசர அவசரமாகப் பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், கேள்வி-பதில். வெள்ளை உடுப்பு, போட்டோ, பிரியாணி, அதோடு சரி. இதற்கு இணையான உறுதிபூசுதல் முடிந்த கத்தோலிக்கப் பிள்ளைகளைப் பற்றியும் இதே வருத்தத்தைக் கேட்கலாம். பன்னிரண்டு வாரமாவது வையுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோர் அல்லாத, சபையில் நல்ல பெயர் உள்ள ஒரு பெரியவரை ஒரு வருஷத்துக்கு இணைத்துவிடுங்கள். மாதம் ஒரு முறை ஒரு டீ குடித்துப் பேசினால் போதும். சந்திப்பு எல்லாரும் பார்க்கிற இடத்தில்தான் இருக்க வேண்டும். ஞாயிறு பள்ளி அறையிலும் எப்போதும் இரண்டு பெரியவர்கள், கதவு திறந்தபடி. இதில் சமரசமே கிடையாது. தப்பு நடந்தால் சபை மானம் என்று மூடாமல் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் செய்யுங்கள். நம்பிய இடத்தில் அடிபட்ட பிள்ளைக்கு அதன்பின் எந்தப் பிரசங்கமும் ஏறாது.

வேலையும் கொடுங்கள். வேதபாடம் வாசிக்கச் சொல்வதானால் ஞாயிறு காலை வாசலில் வைத்துச் சொல்லாதீர்கள். புதன்கிழமையே பகுதியைக் கொடுத்து, வீட்டில் மூன்று முறை சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், நெபுகாத்நேச்சார் போன்ற பெயர்களைப் பிரித்துச் சொல்லிக்கொடுங்கள். சபை முன்னால் ஒரு முறை திக்கித் திணறிய பையன் மறுபடி மைக் பக்கம் வருவது கஷ்டம். மைக் செட், கீபோர்டு, காணிக்கை எண்ணுவது, ஆலயத்துக்கு வர முடியாத பாட்டியின் வீட்டுக்குப் பாட்டுப் பாடப் போவது, எதுவானாலும் நிஜமான பொறுப்பாக இருக்கட்டும்.

பிளஸ் டூ முடிந்ததும் மேட்டுப்பாளையமோ வத்தலக்குண்டோ இறங்கிக் கோவைக்கும் மதுரைக்கும் சென்னைக்கும் போய்விடுகிறார்கள். அங்கே முதல் ஒரு மாதத்தில் எந்தச் சபைக்கும் போகவில்லை என்றால் அப்படியே பழகிவிடும். ஆகவே ஹாஸ்டலுக்கு இடம் பார்க்கும்போதே நடந்து போகிற தூரத்தில் ஆலயம் பார்த்து, அங்குள்ள ஆயரிடம் பேசி வையுங்கள். முதல் ஞாயிறு நீங்களும் கூடப் போய் உட்காருங்கள். பிறகு போனில் "சர்ச்சுக்குப் போனியா?" என்று விசாரணை வேண்டாம். சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு வீட்டு ஜெபத்துக்கு வீடியோ காலில் கூப்பிட்டு, அன்றைய வேதபாடத்தை அவனையே வாசிக்கச் சொல்லுங்கள்.