அரிசி கழுவுவதும் எழுத வேண்டிய விஷயம்தான்

சாப்பாட்டைப் பற்றி எழுதுவது வெறும் பொழுதுபோக்கு, அதில் தத்துவம் தேட வேண்டாம் என்கிறது உங்கள் தொடரில் வந்த கட்டுரை. என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஜப்பானிய ஜென் பௌத்த குரு டோகென் 1237இல் மடத்துச் சமையல்காரருக்காகவே ஒரு நூல் எழுதினார். கல் பொறுக்கும்போது அரிசியின் மேலும் ஒரு கண் இருக்கட்டும், ஒரு மணிகூட வீணாகக் கூடாது, கழுநீரைச் சும்மா கொட்டிவிடாதே, துணிப்பையில் வடிகட்டு என்று அத்தனை நுணுக்கமாகப் போகிறது.

அப்புறம் சீனாவில் ஒரு மடத்தில் அவர் பார்த்த அந்தச் சமையல்காரக் கிழவர்! வயது 68, முதுகு வளைந்துவிட்டது. மொட்டை வெயிலில், தலையில் தொப்பிகூட இல்லாமல், கையில் மூங்கில் கம்போடு, சமையலுக்கு வேண்டியதைக் காயவைத்துக்கொண்டிருக்கிறார். வேறு யாரையாவது செய்யச் சொல்லக் கூடாதா என்று டோகென் கேட்டால், மற்றவர் நான் ஆக முடியாதே என்கிறார். இது தத்துவம் இல்லையென்றால் வேறு எது?

இப்போதைய சமையல் வீடியோக்களில் வெங்காயம் நறுக்கியே வந்துவிடுகிறது. கழுவுவது, புடைப்பது, பாத்திரம் தேய்ப்பது எதுவும் கண்ணில் படுவதில்லை. எனக்கு அதுதான் பெரிய குறை. டோகெனோ வேலை முடிந்ததும் எந்தப் பாத்திரத்தை மேலே வைப்பது, எதைக் கீழே வைப்பது என்பதுவரை சொல்கிறார். தொடரின் அடுத்த பகுதியில் அந்த வேலைகளைப் பற்றியும் எழுதுங்கள், ஆவலாக இருக்கிறேன்.