லேப்பலில் தெரிவது எந்தத் துணி?

கோட்டில் லேப்பலாக (நெஞ்சுப் பக்கம் வெளியே மடிந்திருக்கும் பகுதி) மடிந்து தெரிவது முன்பக்கத் துணிதான், சாட்டின் லேப்பல் வேண்டுமென்றால் அதைத்தான் சாட்டினில் வெட்ட வேண்டும் என்று மேலே ஒருவர் சொல்லியிருக்கிறார். மன்னிக்கவும், அது அப்படியில்லை. மடிக்கும்போது வெளியே வருவது உள்பக்கம் வைத்துத் தைக்கும் ஃபேசிங் என்ற துணி. முன்பக்கத் துணி அதற்கு அடியில் போய்விடும். (முதல் கோட்டில் நானும் மாற்றி வெட்டிவிட்டு முழித்தவன்தான்.)

வீட்டில் இருக்கும் கல்யாணக் கோட்டை எடுங்கள். லேப்பல் மேல் விரலை வைத்து அப்படியே கீழே இறக்குங்கள். மடிப்பு முடிகிற இடத்தில், பட்டன் பக்கம், விரல் கோட்டுக்கு உள்ளே போகும், அந்த உள்பக்கத் துணிதான் ஃபேசிங். கோட் இல்லையா? ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த நோட்டீஸை அச்சு மேலே இருக்கும்படி வைத்து மூலையை மடியுங்கள், மேலே வருவது வெள்ளைப் பக்கம்.