நாடகம் போட்டால் ஆய்வு ஆகிவிடுமா?

சமூக அறிவியல் பக்கம் ஒரு வழக்கம் பரவிக்கொண்டிருக்கிறது. நேர்காணல் எடுத்து, எழுத்துப்படி தயாரித்து, கோடிங் (பேட்டியின் வரிகளுக்குக் குறிச்சொல் போடும் வேலை) முடித்து, முடிவுரை வரை எழுதியாகிவிட்டது. கடைசி மாதத்தில் நாலு நடிகர்களைப் பிடித்து அரைமணி நேர நாடகம் ஒன்று போடுகிறார்கள். அப்புறம் முறையியல் அத்தியாயத்தில் ‘நிகழ்த்துதல்வழி ஆய்வு’ என்று ஓர் உபதலைப்பு ஏறிவிடுகிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, கைதட்டலும் விழுகிறது. ஆனால் அதை ஆய்வுமுறை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏற்கெனவே தெரிந்ததை அழகாகச் சொல்வதற்குப் பெயர் விளம்பரம். விளம்பரம் ஒன்றும் பாவமில்லை. நூலகத்தில் தூசி படியும் ஆய்வேட்டுக்கு, நாலு பேர் பார்க்கும் நாடகம் எவ்வளவோ மேல். ஆனாலும் முறை என்று ஒன்றைச் சொன்னால், அதைச் செய்வதற்கு முன் தெரியாத ஏதாவது ஒன்று செய்தபிறகு தெரிந்திருக்கவேண்டும்.

எதிர்த்தரப்பும் இருக்கிறது. நடிப்பு கலை, ஆய்வுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள். அவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்வது பிரேசில் நாடகக்காரர் அகஸ்தோ போவாலுக்கு நடந்த கதை.

சொந்த நாட்டைவிட்டு வெளியேறியிருந்த போவால், 1973இல் பெருவில் ஓர் எழுத்தறிவுத் திட்டத்தில் வேலைபார்த்தார். மக்கள் தங்கள் பிரச்சினையைச் சொல்வார்கள், நடிகர்கள் அதை நடிப்பார்கள், சிக்கலான இடம் வந்ததும் நிறுத்திவிட்டு ‘இனி என்ன செய்யலாம்?’ என்று கூட்டத்தைக் கேட்பார்கள். ஒரு பெண் தன் கதையைக் கொடுத்தாள். வீடு கட்டுகிறேன் என்று கணவன் அவளிடம் பணம் வாங்கிக்கொண்டே இருந்தான். ரசீது என்று சில காகிதங்களைக் கொடுத்துப் பத்திரமாக வைத்திருக்கச் சொன்னான். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஒருநாள் பக்கத்துவீட்டுப் பெண்ணிடம் காட்டினால், அத்தனையும் அவனுடைய காதலி எழுதிய கடிதங்கள்! வெளியூர் போயிருக்கும் கணவன் திரும்பி வந்ததும் அவள் என்ன செய்யவேண்டும்?

கூட்டத்திலிருந்த ஒரு பெண்மணி, அவனிடம் நன்றாகத் தெளிவாகப் பேசிவிட்டு அதற்கப்புறம் மன்னிக்கட்டும் என்றார். நடிகை பேசினார். அம்மாவுக்குத் திருப்தியில்லை. நடிகை இன்னும் அழுத்திப் பேசினார், அதுவும் சரிவரவில்லை. அந்த அம்மாவுக்குக் கோபம் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் போவால், நீங்களே வந்து செய்துகாட்டுங்கள் என்றார். மேலே ஏறியவர், கணவனாக நடித்தவரைத் துடைப்பத்தால் வெளுத்து வாங்கிவிட்டார். அதற்குப் பிறகுதான் மன்னிப்பு, அதுவும் ‘போய் எனக்குச் சாப்பாடு எடுத்துவா’ என்ற உத்தரவோடு.

இதே கேள்வியை நேர்காணலில் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ‘தெளிவாகப் பேசுவேன்’ என்பது தரவு. ‘பேச்சுவார்த்தை வழித் தீர்வு’ என்பது அதற்குப் போட்ட கோடு, அதாவது குறிச்சொல். இரண்டு பேர் தனித்தனியாக கோடிங் செய்து ஒப்பிட்டிருந்தாலும் இருவரும் அதையே போட்டிருப்பார்கள். நம்பகத்தன்மை நூற்றுக்கு நூறு, விஷயம் மட்டும் தப்பு. பார்வையாளரே மேடையேறி நடிக்கும் அரங்கமுறை போவாலுக்கு இப்படித்தான் கிடைத்தது. பின்னாளில் ரியோ டி ஜெனிரோ நகர்மன்ற உறுப்பினராக இருந்தபோது (1993-1996) இதே வழியில் மக்களிடமிருந்து வந்த யோசனைகளில் 13 சட்டங்களாகவே ஆயின. நம்மில் எத்தனை பேருடைய பரிந்துரை அத்தியாயத்துக்கு அந்த யோகம் அடித்திருக்கிறது?

சரி, எல்லோரும் பார்வையாளர்களை மேடையேற்ற வேண்டியதில்லை. என்னைக் கேட்டால், இந்த முறையின் உயிர் மேடையைவிட ஒத்திகையில்தான் அதிகம் இருக்கிறது. நான் உடனிருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். நீண்டநாள் நோயாளிகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களைப் பற்றிய ஆய்வு. பேட்டியில் ஒரு அம்மா, “எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல, பழகிப்போச்சு” என்று சொல்லியிருந்தார். ஆய்வாளர் அந்த வரிக்கு ‘ஏற்றுக்கொள்ளல்’ என்று கோடு போட்டிருந்தார். நடிக்கவந்த பெண் அந்த வரியை நின்றபடி சொல்லிப்பார்த்தார், ஒட்டவில்லை. உட்கார்ந்து சொன்னார், அப்போதும் ஒட்டவில்லை. “இதைச் சொல்லும்போது அவங்க கை என்ன செஞ்சிட்டிருந்தது?” என்று கேட்டார். களக்குறிப்பைப் புரட்டினால், பேட்டி முழுக்க அந்த அம்மா துணி மடித்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒலிப்பதிவைப் போட்டோம். ‘கஷ்டமில்ல’வுக்கு முன்னால் உள் அறையிலிருந்து ஓர் இருமல். துணி உதறும் சத்தம் நிற்கிறது. அதற்கப்புறம் அந்த வரி, குரல் கொஞ்சம் உயர்ந்து.

அந்த அம்மா யாருக்குப் பதில் சொன்னார்? பேட்டி எடுத்தவருக்கா, உள்ளே படுத்திருந்தவருக்கா? எழுத்துப்படியில் இருமல் இல்லை, குரல் உயர்ந்ததும் இல்லை. அந்த ஒரு கேள்வியால் எல்லாப் பேட்டிகளையும் திரும்பக் கேட்கவேண்டியதாயிற்று. ஒவ்வொன்றிலும் காதுகேட்கும் தூரத்தில் வேறு யார் இருந்தார்கள் என்று தனியாகக் குறித்தார்கள். ஆய்வேட்டின் நடு அத்தியாயம் அதிலிருந்துதான் எழுந்தது. கடைசியில் போட்ட நாடகம் சுமார்தான். அது எனக்கு ஒரு பொருட்டே இல்லை.

நடிகை அன்னா டீவர் ஸ்மித் இதை எப்போதோ செய்துகாட்டியிருக்கிறார். நியூயார்க்கின் கிரவுன் ஹைட்ஸ் பகுதியில் 1991இல் கறுப்பினத்தவருக்கும் யூதர்களுக்கும் இடையே மூண்ட கலவரத்துக்குப் பிறகு, இரு தரப்பினரையும் பேட்டி கண்டார். அவர்கள் பேசியதைப் பேசியபடியே, திணறலும் இழுவையும் பாதியில் விட்ட வாக்கியமும் உட்பட, எல்லோருடைய பாத்திரத்தையும் தானே ஏற்று 1992இல் மேடையேற்றினார். நாம் தட்டச்சு செய்யும்போது முதல் வேலையாக வெட்டித் தள்ளும் ‘ம்…’, ‘அது வந்து…’ எல்லாம்தான் அவருக்கு மூலதனம்.

ஆய்வாளர் நடிக்கப் போகும்போது வரும் ஆபத்துகளையும் மறைக்கக்கூடாது. அமெரிக்க நிகழ்த்துகலை ஆய்வாளர் டுவைட் காங்கர்குட் 1985இல் எழுதிய ஒரு கட்டுரையில் நாலு படுகுழிகளைச் சொல்கிறார்: அடுத்தவர் பண்பாட்டைத் தன் லாபத்துக்குச் சுருட்டுவது, ‘நாமெல்லாம் ஒன்றுதானே’ என்று மேலோட்டமாக உருகுவது, காட்சிப்பொருளாக்கி வேடிக்கை காட்டுவது, ‘நான் அவர்களில் ஒருவனில்லை, எனக்கு ஏன் வம்பு’ என்று ஒதுங்குவது. எல்லோரும் முதலாவதையும் மூன்றாவதையும் திட்டுவார்கள். நான் அதிகம் பார்ப்பது இரண்டாவதை. அரங்கம் அழுதது, அதனால் ஆய்வு வென்றது என்கிறார்கள். நல்ல நடிகர் பொய்யான வரிக்கும் அழவைப்பார். கண்ணீரைச் சான்றாகக் காட்டுபவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பேட்டி கொடுத்தவர்கள் பார்த்துவிட்டு எதை மாற்றச் சொன்னார்கள்?

காங்கர்குட் வெறும் உபதேசி இல்லை. அதே 1985இல் தாய்லாந்தின் பான் வினாய் அகதி முகாமில், லாவோஸிலிருந்து தப்பிவந்த மோங் மக்களோடு தங்கி வேலைபார்த்தவர். வெறிநாய்க்கடி நோய்க்காக நாய்களுக்குத் தடுப்பூசி போட மருத்துவக் குழு அழைப்பு விடுத்தும் ஒரு நாய்கூட வரவில்லை. மோங் கதைகளில் வரும் புலி, கோழி, ஆவி வேடங்களோடு ஓர் ஊர்வலம் விட்டார்கள். புலி ஆடியது, ஆவி மேளம் தட்டியது, கோழி ஒலிபெருக்கிக் குழலில் நோயை விளக்கியது. மறுநாள் காலை நாய்களைத் தூக்கிக்கொண்டும் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டும் வந்த கூட்டத்துக்கு ஊசிபோட ஆள் போதவில்லை. இதைப் பரப்புரை வெற்றியாக மட்டும் படிப்பவர்கள் உண்டு. யார் சொன்னால் அந்த மக்கள் நம்புவார்கள் என்பது அவர்களோடு சேர்ந்து நிகழ்த்தியதில் தெரியவந்தது. மருத்துவக் குழுவுக்கு அதுவரை அது தெரியாது.

கடைசியாக, இன்னும் யாரும் சரியாகத் தீர்க்காத ஒரு தலைவலி. காகிதத்தில் பெயரை மாற்றினால் ஆள் மறைந்துவிடுகிறார். மேடையில் நடையும் இழுத்துப் பேசுவதும் ஒரு வழக்கமான சொல்லும் போதும், தெரிந்தவர்கள் அடையாளம் கண்டுபிடித்துவிடுவார்கள். இதற்கு நேர்மாறாக, ‘என் பெயரைப் போடுங்கள், நானே நடிக்கிறேன்’ என்பவர்களும் உண்டு. ஆய்வுக்கு அனுமதி தரும் அறநெறிக் குழுவின் படிவத்தில் இரண்டுக்குமே இடமில்லை. ‘பெயர் மறைக்கப்படும்’ என்ற கட்டத்தில் டிக் போட்டால் வேலை முடிந்தது. குரலுக்கும் உடல்மொழிக்கும் தனியாக ஒப்புதல் வாங்கவேண்டும், அதையும் முதல் ஒத்திகையைப் பார்த்தபிறகு இன்னொருமுறை வாங்கவேண்டும் என்பேன். ஆரம்பத்தில் கையெழுத்துப் போடும்போது, தன்னை இன்னொருவர் உடம்பில் பார்ப்பது எப்படியிருக்கும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?