"எல்லாம் ஒண்ணுதான்" என்று சொல்லி முடித்துவிடாதீர்கள்

நான் சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை. கைக்குழந்தையாக இருந்தபோது பாளையங்கோட்டையில் ஐயர் (எங்கள் போதகரை அப்படித்தான் அழைப்போம்) என் நெற்றியில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தார். பெரியவனானதும், அந்த விசுவாசத்தை நானே சபை முன்னால் அறிக்கையிடும் திடப்படுத்தல் எடுத்தேன். என் சித்தப்பா மகனும் அதே சபையில் வளர்ந்தவன்தான். நான்கு வருடத்துக்கு முன்பு பெந்தெகொஸ்தே சபைக்குப் போய், தாமிரபரணியில் இறங்கி முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டான். அன்று சாயங்காலமே வீட்டில் சண்டை. "அப்போ உங்க அப்பா அம்மா உனக்குச் செஞ்சது பொய்யா?" என்று ஆரம்பித்தது நான்தான். "விவரம் தெரியாத பிள்ளை மேல ஊத்தினா அது வெறும் தண்ணிதாண்ணே" என்றான். அப்புறம் ஒரு வருடம் எங்களுக்குள் பேச்சே இல்லை.

சமாதானம் பண்ண வந்த பெரியவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "ஒரே ஆண்டவர்தானே, எல்லாம் ஒண்ணுதான், விடுங்கப்பா." நல்ல மனதோடுதான் சொன்னார்கள். எனக்கு அதில் அன்றும் உடன்பாடு இல்லை, இன்றும் இல்லை. சொந்தபந்தம் முழுக்க முகம் சுளிக்கும் என்று தெரிந்தே ஒருவன் ஆற்றில் இறங்குகிறான் என்றால், அவனிடம் போய் எல்லாம் ஒன்றுதான் என்பது, நீ சொல்வதைக் கேட்க எனக்கு விருப்பமில்லை என்பதுதான்.

இந்த வழக்குக்காக உயிரே போயிருக்கிறது. விசுவாசித்துக் கேட்ட பெரியவர்களுக்கு மறுபடி ஞானஸ்நானம் கொடுத்த ஃபெலிக்ஸ் மான்ட்ஸை, 1527 ஜனவரியில் சூரிச்சில் கையைக் கட்டி லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்தார்கள். செய்தது புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்ட நகரம். அனபாப்டிஸ்டுகள் என்று அழைக்கப்பட்ட அந்த மக்களை, மார்ட்டின் லூதர் வழிவந்த லுத்தரன்களும் துன்புறுத்தினார்கள். 2010இல் ஸ்டுட்கார்ட்டில் கூடிய லுத்தரன் உலக சம்மேளனம் அதற்காக, அனபாப்டிஸ்டுகளின் வழிவந்த மெனோனைட் சபையாரிடம் மன்னிப்புக் கேட்டது. கேட்டவர்கள் இன்றும் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள், மெனோனைட்டுகள் கொடுப்பதில்லை. உபதேசத்தை விட்டுக்கொடுக்காமலே மன்னிப்புக் கேட்க முடியும் என்பது எனக்குப் பெரிய வெளிச்சம்.

எங்கள் சபை பிறந்த கதையும் எனக்கு இதையே சொல்கிறது. தனித்தனியாக இருந்த சபைகள் இணைவதற்காக 1919இல் தரங்கம்பாடியில் ஆரம்பித்த பேச்சு, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் ஒரே சபையாக முடிய 28 வருடம் ஆனது. பேராயர் (பிஷப்) கைவைத்து அபிஷேகம் பண்ணாத போதகரின் ஊழியம் செல்லுமா என்று வருடக்கணக்காக வாதாடினார்கள். யாரும் "எல்லாம் ஒண்ணுதான்" என்று எழுந்து போகவில்லை.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். பாட்டியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த ராத்திரி நாங்கள் இரண்டு பேரும் வெளியே சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நானே கேட்டேன், "நீ நம்புறத நான் என் வாயால சொல்றேன், சரியான்னு பாரு." விசுவாசம் வந்த பிறகு மனிதன் எடுக்கிற தீர்மானம், அதன் அடையாளம் முழுக்கு என்றேன். கையை அசைத்து நிறுத்தினான். "தீர்மானம் இல்லண்ணே, கீழ்ப்படிதல். நான் ஆண்டவருக்குக் கொடுக்கிறது எதுவும் அதுல இல்ல." இத்தனை வருடம் நான் எதிர்த்தது அவன் சொல்லாத ஒன்றை!

பிறகு என் பக்கத்தைச் சொன்னேன். நான் கேட்கத் தெரியாத வயதிலேயே தேவன் என்னைத் தேடி வந்தார், வாக்குத்தத்தம் பிள்ளைகளுக்கும் உண்டு என்று இயேசுவின் சீடர் பேதுருவே சொல்கிறார், வேதத்தில் வரும் பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலைக்காரன் வீட்டார் எல்லாருமே ஞானஸ்நானம் பெற்றார்கள். "அடுத்த வசனத்தையும் வாசிங்கண்ணே, வீட்டார் எல்லாரும் விசுவாசிச்சதா இருக்கு" என்றான். அதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை, இல்லை என்றே சொன்னேன். ஆனாலும் என் நம்பிக்கை அசையவில்லை, அதையும் சொன்னேன். "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" பதில் சொல்லச் சொல்கிறாரே பேதுரு, அந்த வசனத்தைச் சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்திருந்தும் அன்றைக்குத்தான் எனக்கு அது புரிந்தது. விடிய விடியப் பேசினோம், ஒருவர் குரலும் உயரவில்லை.

அடுத்த மாதம் அவன் மகளுக்கு அவர்கள் சபையில் பிரதிஷ்டை ஜெபம், பிள்ளையை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கிற ஜெபம். ஞானஸ்நானம் கிடையாது. எனக்கு வருத்தம்தான், அவனிடமே சொல்லிவிட்டேன். "தெரியும்ண்ணே. நீங்க முன்னாடி வந்து உட்காரணும்" என்றான். போகிறேன்.