நீட்டு டைமண்ட் வந்தா ஒரே தடவை பேசுங்க, அப்புறம் வாயை மூடுங்க

பிரிட்ஜ்ங்கற சீட்டாட்டம் ஆடறவங்களுக்கு மட்டும்தான் இந்தப் பதிவு, மத்தவங்க தாராளமா ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிடுங்க. ஆன்லைன் டேபிள்ல தினமும் பாக்கறேன், நல்லா ஆடறவங்ககூட ஏழு கார்டு டைமண்டோ கிளாவரோ கையில வந்துட்டா தவணை முறையில பிட் (இத்தனை ட்ரிக், அதாவது இத்தனை சுத்து ஜெயிப்போம்ங்கற ஏலம்) பண்றாங்க. முதல்ல 3 டைமண்ட், அதாவது டைமண்ட் துருப்பா ஆறோட மூணு, ஒன்பது ட்ரிக். எதிராளி 4 ஸ்பேட் போனதும் கொஞ்சம் யோசிச்சுட்டு 5 டைமண்ட். இதைவிட மோசமான வழி இல்லைங்கறது என் கட்சி.

ஒரு கையைப் பாருங்க. ஸ்பேட்ல ஒத்தை 6, ஹார்ட்டின்ல 9, 4, டைமண்ட்ல ராஜா, ராணி, ஜாக்கி, 10, 8, 7, 3, கிளாவர்ல 8, 5, 2. மொத்தமே 6 பாயின்ட் (ராஜா 3, ராணி 2, ஜாக்கி 1). நீங்க நான்-வல்னரபிள், அவங்க வல்னரபிள் (போனஸும் தண்டனையும் அதிகமான நிலை). உங்க வலது பக்கம் 1 ஹார்ட்டின் ஓபன் பண்றாங்க. நானா இருந்தா நேரா 4 டைமண்ட். இல்லப்பா, ஏழு கார்டுக்கு 3 தான்னு சொல்வீங்க, சரி 3ன்னே வச்சுக்கோங்க, சண்டை இல்ல, ஆனா அதோட உங்க வேலை முடிஞ்சுது. உங்க கை எப்படிப்பட்டதுன்னு இப்போ பார்ட்னருக்குத் தெரியும், அவர் கை உங்களுக்குத் தெரியாது. அவருகிட்ட நாலு டைமண்ட் இருந்தா அவரே 5 போவாரு. அதுவே ஸ்பேட்ல ராணி, ஜாக்கி, 10, 9 வச்சுக்கிட்டு டபுள் (எதிராளி பிட் தோக்கும்னு பந்தயத்தை ஏத்தறது) அடிக்கக் காத்திருந்தாருன்னா, நீங்க குறுக்க பூந்து 5 டைமண்ட்ங்கறது வாய்க்குப் போற சோத்தைத் தட்டி விடற வேலை.

ஸ்கோரைப் பாருங்க. இந்தக் கையில அவங்க 4 ஸ்பேட் எடுத்தா 620. நீங்க 5 டைமண்ட் டபுள்ல மூணு டவுன் (சொன்னதைவிட மூணு ட்ரிக் குறைவு) போனாலும் 500 தான், லாபம். நாலு டவுன்னா 800, போச்சு. ரெண்டு பக்கமும் வல்னரபிள்னா மூணு டவுனே 800. ரெண்டு பேரும் நான்-வல்னரபிள்னா அவங்களுக்கு 420 தான் கிடைக்கும், நீங்க மூணு டவுன்ல 500 குடுத்துட்டு உக்காந்திருப்பீங்க. இத்தனையும் அந்த 4 ஸ்பேட் நிஜமாவே ஆகும்னா மட்டும்தான், அது டவுன் ஆகற கையா இருந்தா உங்க அஞ்சாவது லெவல் தியாகம் சுத்த தண்டம்.

டோட்டல் ட்ரிக்ஸ் விதி, 1969ல ழான்-ரெனே வெர்ன் எழுதினது, அதைச் சொல்லி சில பேர் வருவாங்க, துருப்பு எத்தனையோ அத்தனை ட்ரிக் லெவல் வரைக்கும் போகலாம்னு. கேளுங்க, ஆனா நம்ம ஏழோட பார்ட்னர் எத்தனை வச்சிருக்காருன்னு யாருக்குத் தெரியும்? அவருக்குத்தான். அதுவும் போக, உங்க ஏழு கார்டுக்கு வெளிய ஸ்பேட்ல ராணி, ஜாக்கின்னு கிடந்தா அது டிஃபென்ஸுக்கான கை, எண்ணிக்கையை மட்டும் பாத்து ஏறக்கூடாது.

நல்ல கை வந்தா கதையே வேற, அங்க தப்பு நேர் எதிர்ப்பக்கம் நடக்குது. ஸ்பேட் ராஜா, 4, ஹார்ட்டின் ஏஸ், 6, டைமண்ட் 9, 3, கிளாவர்ல ஏஸ், ராஜா, ராணி, 10, 7, 6, 5. வலது பக்கம் வீக் 2 ஸ்பேட் (பாயின்ட் குறைவு, ஸ்பேட் நீளம்). நிறைய பேர் பயபக்தியா 3 கிளாவர்னு சொல்லிட்டு, பார்ட்னர் பாஸ் பண்ணதும் 110ஓ 130ஓ வாங்கிட்டுப் போறாங்க. அட, 3 நோ-ட்ரம்ப்னு (துருப்பே இல்லாத பிட்) சொல்லுங்க! அவங்க ஸ்பேட் லீட் பண்ணா (முதல் சீட்டா இறக்கினா) ராஜா உங்களுக்குக் கண்டிப்பா ஒரு ட்ரிக், கிளாவர் ஓடினா ஏழு, ஹார்ட்டின் ஏஸ் ஒண்ணு, ஒன்பது ஆச்சு. கிளாவர்ல கேம் (பெரிய போனஸ் கிடைக்கற பிட்) வேணும்னா பதினொண்ணு தேடணும், அந்த ரெண்டு ட்ரிக் எங்கிருந்து வரும்? டைமண்ட்ல ஸ்டாப்பர் (அவங்க ஓட்டத்தை நிறுத்தற சீட்டு) இல்லையேன்னு கேப்பீங்க, இல்லதான், ஆனா லீட் பண்றவன் பார்ட்னர் சொன்ன ஸ்பேடை விட்டுட்டு டைமண்டைக் கண்டுபிடிக்கணுமே.

மேட்ச்பாயின்ட்ல (அதே கையை ஆடின மத்த டேபிள்களோட ஒப்பிடற போட்டி) சின்ன சண்டைக்கு மட்டும் நான் கொஞ்சம் தாராளம். அவங்க 2 ஸ்பேட்ல நின்னுட்டா 110 வாங்குவாங்க, நான் ஆறு கார்டு கிளாவரோட 3 போய் ஒரு டவுன்னா 50 தான். வல்னரபிள்ல 100, அதுவும் பரவால்ல. டபுள் விழுந்தா 200, அன்னிக்கு அந்த போர்டுல பெரும்பாலும் கடைசி. அதனால வல்னரபிள்ல ராஜா, 9, 8, 6, 4, 2 மாதிரி ஓட்டைக் கிளாவரை வச்சுக்கிட்டு நான் எழுந்திரிக்க மாட்டேன்.

மாத்துக் கருத்து இருக்கறவங்க கமெண்ட்ல உங்க கையை எழுதுங்க, பேசலாம். யாரு வல்னரபிள்னு சொல்லாம “இதுல என்ன பிட்?”னு கேட்டா மட்டும் பதில் கிடையாது.