பாலம் வரை போன பேருந்து

நம்மவர்கள் தாய்லாந்துச் சுற்றுலாவில் காஞ்சனாபுரிப் பாலத்தில் நின்று எடுத்துப் போட்ட அந்தப் படத்தை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். நாற்பது பேர், ஒரே நிறச் சட்டை, பின்னால் பாலத்தின் கறுப்பு இரும்பு வளைவு. படத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று நாளாக என்னைத் தூங்கவிடாமல் செய்வது அதற்குக் கீழே ஏற்பாட்டாளர் அண்ணன் போட்ட பதில். "கல்லறைக்குப் போகவில்லையா?" என்று ஒரு தங்கச்சி கேட்டாள். "சுற்றுலா வந்த இடத்தில் சாவு இடத்துக்கெல்லாம் எதற்கு என்று எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணினோம். அந்த நேரத்தில் மிதக்கும் சந்தையைப் பார்த்துவிட்டோம்" என்றார். அதற்கு நூற்றுக்கு மேல் விருப்பக்குறி. அதில் என் சொந்தக்காரர்கள் ஆறு பேர்.

ஏன் போகவில்லை என்று நான் மரியாதையாகத்தான் கேட்டேன். அதற்குக் கிடைத்த பதில்களையும் பார்த்திருப்பீர்கள். "எப்போது பார்த்தாலும் ஒப்பாரி" என்று ஒருவர். சரி, ஒப்பாரி என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முழுதாகக் கேட்டுவிட்டுப் போங்கள்.

போக வேண்டாம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. காஞ்சனாபுரிக்குப் போங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆற்றங்கரையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், படம் எடுங்கள். போகிறவர்கள் நம்மவர்கள் கிடக்கும் இடத்தையும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். அவ்வளவுதான் நான் கேட்டது.

சாவு இடம் வேண்டாம் என்கிறீர்கள். அப்படியானால் நீங்கள் ஏறி நின்றது என்ன இடம்? அந்தப் பாலம் சயாம் மரண ரயில் பாதையின் பாலம், இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் படை போட்ட பாதை. தாய்லாந்துப் பக்கம் பான் போங்கை ஒட்டி ஆரம்பித்து பர்மாவில் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். மலையைக் குடைந்து, காட்டை வெட்டி, ஓராண்டுக்குக் கொஞ்சம் மேல். எப்படி முடிந்தது என்று யாராவது யோசித்தீர்களா? போர்க் கைதிகள் 60,000 பேருக்கு மேல் வேலை செய்தார்கள், 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். அவர்களைப் பற்றி உலகத்துக்கே தெரியும். கைதி அல்லாத ஆசியத் தொழிலாளர்கள் அவர்களைப்போல் மூன்று நான்கு மடங்கு. அதில் செத்தவர்கள் 90,000 வரை இருக்கும் என்று கணக்குச் சொல்கிறார்கள். மலாயாவில் இருந்து மட்டும் 70,000 பேருக்கு மேல் கொண்டுபோனார்கள். அதில் பெரும்பகுதி தோட்டத்துத் தமிழர்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்கள். கெடா, பேராக், சிலாங்கூர் லயங்களில் இருந்து போனவர்கள். அந்தப் படத்தில் நின்ற நாற்பது பேரில் எத்தனை பேருடைய தாத்தாவின் அண்ணனோ தம்பியோ அந்த மண்ணில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் தெரியாது. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

என் தாத்தா அங்கே இருக்கிறார். சுங்கை பட்டாணிப் பக்கம் ஒரு தோட்டம். 1943இல் கூட்டிக்கொண்டு போனார்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, அரிசி உண்டு என்று சொன்னார்களாம். தோட்டத்தில் அப்போது மரவள்ளிக்கிழங்குதான் சோறு. அரிசி என்றதும் போனார். அப்போது என் அம்மா கைக்குழந்தை. மூன்று மாதம் ஆனது, மூன்று வருடம் ஆனது, போர் முடிந்தது, சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார்கள். அவர் வரவில்லை. செத்துவிட்டார் என்று சொல்லவும் யாரும் வரவில்லை.

பாட்டி பொட்டை அழிக்கவில்லை. தாலியைக் கழற்றவில்லை. எப்படிக் கழற்றுவார்? யார் வந்து சொன்னார்கள்? 1963இல் என் அம்மாவுக்குக் கல்யாணம். தாலித் தட்டைப் பாட்டி தொட்டுக் கொடுக்கலாமா கூடாதா என்று மணப்பந்தலுக்குப் பின்னால் பெண்களுக்குள் பேச்சு. சுமங்கலியா இல்லையா? பெற்ற மகளின் கல்யாணம். பாட்டி காதில் அது விழுந்துவிட்டது. அவராகவே போய் சமையல் கொட்டகையில் உட்கார்ந்துகொண்டார். கெட்டிமேளம் கேட்டபோது அவர் கையில் கரண்டி இருந்தது என்று அம்மா இன்றைக்கும் சொல்வார்.

1987இல் பாட்டி இறந்தார். அப்போது நான் பெரியவள், எல்லாம் என் கண்ணெதிரே நடந்தது. குளிப்பாட்டும்போது மறுபடி அதே பேச்சு. தாலியோடு அனுப்புவதா, கழற்றிவிட்டு அனுப்புவதா? முகத்துக்கு மஞ்சளா, விபூதியா? கடைசியில் தோட்டத்தில் பாட்டியோடு ஒரே நிரையில் பால் வெட்டிய ஒரு கிழவிதான் அதட்டினார். "நாப்பது வருசமா அவளுக்கே தெரியாதது உங்களுக்கு எப்படிடி தெரியும்? மஞ்சளைப் பூசுங்க." பூசினார்கள். தாத்தாவுக்குத் திதி என்று ஒரு நாள் இன்றுவரை எங்கள் வீட்டில் கிடையாது. ஆடி அமாவாசைக்குப் பொதுவாகப் படைக்கிறோம்.

இந்த வீட்டில் இருந்து வந்தவளிடம் "சாவு இடம்" என்றால் கோபம் வராதா?

இனி, நீங்கள் சொன்ன காரணங்களுக்கு வருகிறேன். தீட்டு என்றார் ஒருவர். அவரிடம் ஒன்று கேட்கிறேன். கருமக்கிரியைக்குப் போவதில்லையா? எட்டு, பதினாறு என்று செத்தவர் வீட்டில் போய்ச் சாப்பிடுவதில்லையா? சுடுகாட்டில் இருந்து வந்தால் தலைக்குக் குளிக்கிறோம், தீர்ந்தது. விடுதியில் தண்ணீர் வராதா? இதற்கு மேல் அந்தத் தீட்டுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

"அது வெள்ளைக்காரனுக்கும் ஜப்பான்காரனுக்கும் நடந்த சண்டை, நமக்கு என்ன" என்று எழுதியவர் பினாங்கில் பிறந்து வளர்ந்தவர். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. 1941 டிசம்பர் 11 அன்று ஜார்ஜ்டவுனில் குண்டு விழுந்தபோது ஜனங்கள் விமானத்தை வேடிக்கை பார்க்கத் தெருவில் நின்றிருந்தார்கள். செத்தது தெருவில் நின்ற நம்மைப் போன்றவர்கள். அதற்கு அடுத்த வாரமே வெள்ளைக்காரர்கள் தங்கள் ஆட்களை மட்டும் இரவோடு இரவாகப் படகில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஊரை யாரிடமும் ஒப்படைக்கவில்லை. கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கியது யார் தெரியுமா? சரவணமுத்து. பத்திரிகை ஆசிரியர், யாழ்ப்பாணத் தமிழர். கொடியை இறக்கிவிட்டு, வானொலி நிலையத்துக்குப் போய், இங்கே படை எதுவும் இல்லை, குண்டு போடாதீர்கள் என்று அறிவித்தார். ஊரைக் காப்பாற்ற ஒரு தமிழர் முன்னால் வந்து நின்றிருக்கிறார். அந்தக் கோட்டைக்குப் பக்கத்தில்தான் நாம் சனிக்கிழமை சாயங்காலம் காற்று வாங்கப் போகிறோம். நமக்கு என்ன என்கிறீர்கள்.

தைப்பிங்குக்கு எத்தனை தடவை போயிருப்பீர்கள்? ஏரிப் பூங்கா, மிருகக்காட்சிசாலை. புக்கிட் லாருட் போகும் சாலையில் போர்க் கல்லறை இருக்கிறது. சாலைக்கு ஒரு பக்கம் கிறிஸ்தவர்கள், இன்னொரு பக்கம் இந்தியப் படையில் இருந்த இந்துக்கள், முஸ்லிம்கள், சீக்கியர்கள், கூர்க்காக்கள். 800க்கு மேல் கல்லறைகள், அதில் 500க்கு மேல் பெயர் தெரியாதவை. நுழைவுக் கட்டணம் கிடையாது. நான் போன ஒரு தடவைகூட அங்கே ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பார்த்ததில்லை.

"விடுமுறைக்குப் போவது சந்தோஷமாக இருக்கத்தானே அக்கா, வருடம் முழுவதும் வேலை செய்கிறோம்" என்று எழுதிய தம்பிக்கு மட்டும் கொஞ்சம் நின்று பதில் சொல்கிறேன். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆலையில் இரவு வேலை பார்த்துவிட்டு, நான்கு நாள் விடுப்பு எடுத்துப் போகிறவரிடம் அழு என்று யாரும் சொல்ல முடியாது. நான் அழச் சொல்லவில்லை, தம்பி. ஒரு மணி நேரம் கேட்டேன். பாலத்துக்கும் கல்லறைக்கும் நடுவே சுமார் இரண்டு கிலோமீட்டர்தான் இருக்கும். அதே சாலையில்தான் பேருந்து வந்திருக்கும். சன்னல் வழியாகப் பச்சைப் புல்லும் வரிசைக் கற்களும் தெரிந்திருக்கும். அப்போதுகூட யாருக்கும் இறங்கலாமா என்று தோன்றவில்லையா?

இறங்கியிருந்தால் என்ன பார்த்திருப்பீர்கள் என்று சொல்கிறேன். நான் 2024இல் போனேன். அந்தப் பெரிய கல்லறையில் கிட்டத்தட்ட 7,000 பேர். பிரிட்டிஷ், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர். ஒவ்வொருவருக்கும் ஒரு கல், கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பூச்செடி. பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி, வயது. 22, 24, 23. சில கற்களில் குடும்பத்தார் சொல்லிப் பொறித்த ஒரு வரி. நான் வரிசை வரிசையாக நடந்து தேதியை மட்டும் வாசித்தேன். 1943 ஜூன், 1943 ஜூன், 1943 ஜூலை. மழையும் காலராவும் சேர்ந்து வந்த மாதங்கள். இவர்களுக்கெல்லாம் தேதி இருக்கிறது. இவர்களுடைய அம்மாக்களுக்கு விளக்கேற்ற ஒரு நாள் இருந்தது. அவர்கள் மேல் எனக்குப் பொறாமையா? ஆமாம், பொறாமைதான். சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. கைதிகளுக்குக் கூடவே சொந்த மருத்துவர்கள் இருந்தார்கள். மருந்து இல்லாமல் அவர்களும் தவித்தார்கள், ஆனால் யார் எப்போது செத்தார் என்று ஒளித்துவைத்தாவது எழுதினார்கள். நம்மவர்களுக்கு மருத்துவரும் இல்லை, எழுதிவைக்க அதிகாரியும் இல்லை. பெண்டாட்டி பிள்ளைகளோடு போனவர்களும் உண்டு.

அந்த ஊரில் 1977இல் ஆரம்பித்த ஒரு போர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஜீத் என்று பெயர். ஜப்பான், இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா, தாய்லாந்து, ஹாலந்து, இவற்றின் ஆங்கில முதல் எழுத்துகளைக் கோத்து வைத்த பெயர். மலாயாவுக்கு அதில் எழுத்து இல்லை. பர்மாவுக்கு இல்லை, இந்தியாவுக்கு இல்லை. அதை வைத்தவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களைத் தேடி யார் வந்தார்களோ அவர்கள் பெயரை வைத்தார்கள். நாம் தேடிப் போகவில்லை. நம்மை யார் எழுதுவார்கள்? ஆஸ்திரேலியர்கள் தேடிப் போனார்கள். அந்த ரயில் பாதைக்காக மலையைக் கையால் உடைத்த ஹெல்ஃபயர் கணவாயில் அவர்கள் அரசாங்கம் 1998இல் ஒரு நினைவு நிலையம் கட்டிவிட்டது. நாம் பாலத்தில் ஒரே நிறச் சட்டையில் நிற்கிறோம்.

இதைப் படித்துவிட்டு, "நீங்களும் பாலத்தில் படம் எடுத்தீர்கள்தானே" என்று ஒருவர் கட்டாயம் வருவார். எடுத்தேன். நடுவில் வளையாமல் கோணமாக நிற்கும் இரண்டு இரும்புச் சட்டங்களை எடுத்தேன், குண்டு விழுந்து உடைந்த இடத்தில் போருக்குப் பிறகு மாற்றியவை அவை. படம் எடுப்பது தப்பு என்று நான் சொல்லவே இல்லை. எத்தனை தடவை சொல்வது?

பெரிய கல்லறைக்குப் பக்கத்தில் வாட் தாவோன் என்று ஒரு கோயில் இருக்கிறது. உள்ளே ஒரு தூபி. காட்டில் இருந்து பொறுக்கிக் கொண்டுவந்த ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகள் அதன் கீழே. பெயர் கிடையாது, தேதி கிடையாது. யார் தமிழர், யார் மலாய்க்காரர், யார் ஜாவாக்காரர், யார் பர்மாக்காரர் என்று இனி யாராலும் பிரிக்க முடியாது. சில ஆண்டுகளுக்கு முன் நம் மலேசியத் தமிழர்கள் சிலர் முயற்சி எடுத்து அங்கே ஒரு நடுகல் நாட்டியிருக்கிறார்கள். அவர்களுக்குக் கோடிப் புண்ணியம். நான் போனபோது அதன் முன்னால் எப்போதோ யாரோ வைத்த ஊதுவத்திக் குச்சி மட்டும் கருகிக் கிடந்தது.

பாட்டியின் குங்குமச் சிமிழைக் கொண்டு போயிருந்தேன். பித்தளை, மூடியில் மயில், ஒரு பக்கம் நசுங்கியது. அதை அங்கே கொட்டிவிட்டு வருவதுதான் எண்ணம். திறந்து கையில் எடுத்துவிட்டேன். ஆனால் கொட்ட முடியவில்லை. கொட்டினால் பாட்டிக்குப் பதிலாக நான் முடிவு சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. கல்லில் ஒரு பொட்டு மட்டும் வைத்துவிட்டு மூடிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போதும் என் அலமாரியில் இருக்கிறது.

அண்ணன் நல்லவர். கோவிட் நேரத்தில் எங்கள் குடியிருப்பில் வீடு வீடாகச் சாமான் கொண்டுவந்து கொடுத்தவர். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது. முகம் தெரியாத ஒருவர் சொல்லியிருந்தால் தள்ளிவிட்டுப் போயிருப்பேன். அண்ணா, அடுத்த தடவை பயணத் திட்டம் போடும்போது அந்த ஒரு மணி நேரத்தைச் சேருங்கள். பேருந்திலேயே இருக்க விரும்புகிறவர்கள் இருக்கட்டும். நான் உங்களைத் திட்டி இதை எழுதவில்லை. கேட்டு எழுதுகிறேன்.

ஆடி அமாவாசைக்கு முன்னால் நான் மறுபடியும் போகிறேன். இதுவரை ஐந்து பேர் சேர்ந்திருக்கிறோம். பட்டர்வொர்த்தில் இருந்து பாடாங் பெசார், அங்கே இருந்து பேங்காக் போகும் இரவு ரயில். அவர்களைச் சாமான் வண்டியில் அடைத்துக் கொண்டுபோனதும் இதே பாதையில்தான். படுக்கை இருக்கிறது, தூங்கிக்கொண்டே வரலாம். காலையில் பான் போங் வரும். அங்கேதான் அவர்களை இறக்கி நடக்க வைத்தார்கள். வருகிறவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள். நிலையத்துப் பெயர்ப்பலகை வரும் நேரத்துக்கு நான் எழுப்பிவிடுகிறேன்.